காட்டோரக் காணி

"அந்தக் கோட்டக் கழட்டு, அப்வோலி."

கபஹெண்டா மக்காச்சோளத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பில் செத்துப்போன கணவனின் கறுப்புக் கோட்டு, தலையில் அவனுடைய தொப்பி, கையில் அவனுடைய தடி. வரப்பில் நின்று கழற்றச் சொன்னவர் ருவாஹேரு. கணவனின் அண்ணன், ஊர்த் தலைவர், கழுத்தில் விசில் தொங்காமல் கொல்லைப்புறத்துக்குக்கூடப் போகாதவர்.

கோட்டின் மகிமையை அவள் அப்போதுதான் கண்ணால் கண்டிருந்தாள். நாய்மூஞ்சிக் குரங்குக் கூட்டம் வழக்கம்போலக் காட்டோர அத்திமரத்திலிருந்து இறங்கி, வழக்கம்போல முதல் வரிசையில் உட்கார்ந்து, கதிரை உரிக்கக் கை நீட்டியது. பயிருக்குள்ளிருந்து கோட்டும் தொப்பியுமாக ஓர் உருவம் எழுந்ததும் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. இத்தனை வருடம் அவள் கல்லெறிந்து, தகரம் தட்டி, தொண்டை கிழியக் கத்தியும் திரும்பிப் பார்க்காத கூட்டம், பூச்சி அரித்த ஒரு கோட்டைக் கண்டு மரமேறியது. எங்கள் பக்கத்துக் குரங்குகளுக்குப் பெண்பிள்ளைகளிடம் பயமில்லை. ஆண்பிள்ளை கையில் ஈட்டி இருக்கும், பின்னால் நாய் வரும். பெண்பிள்ளை கையில் மண்வெட்டி இருக்கும், முதுகில் பிள்ளை இருக்கும். இதை யாரும் கூட்டம் போட்டு அவற்றுக்குச் சொல்லித்தரவில்லை. ஊரைப் பார்த்து அவையே கற்றுக்கொண்டன.

"குரங்கு பயப்படுது அமூட்டி, நீங்களே பாத்தீங்கல்ல."

"குரங்கு பயப்படுது, ஊரு சிரிக்குது. புருஷன் கோட்டப் போட்டுக்கிட்டு ஒரு பொம்பள நின்னா நம்ம வம்சத்துக்கு என்ன பேரு? வாரிசு நான். ஈட்டி, முக்காலி, கோட்டு, எல்லாம் எனக்கு வரவேண்டியது."

"ஈட்டியும் முக்காலியும் அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே எடுத்துட்டுப் போயிட்டீங்க. கோட்டு அழுக்கா இருந்துச்சு, விட்டுட்டீங்க. தொவச்சு வச்சது நான்."

"தொவச்சது நல்லதாப் போச்சு" என்றார் ருவாஹேரு, கையை நீட்டியபடி.

சண்டையிலும் அவர் அப்வோலி என்றுதான் சொன்னார், அவளும் அமூட்டி என்றுதான் சொன்னாள். தோரோ நாட்டில் பிறந்த எவருக்கும் இப்படி ஓர் இரண்டாவது பெயர் உண்டு. செல்லமும் மரியாதையுமாகக் கூப்பிடுவதற்கென்றே பிறந்தவுடன் வைப்பது. கட்டிய மனைவியானாலும் சரி, காலை வாரிய பங்காளியானாலும் சரி, அரண்மனையில் இருக்கும் அரசரானாலும் சரி, அதைச் சொல்லித்தான் பேச வேண்டும். ஒருவரை முகத்துக்கு நேரே முதல் பெயரால் மட்டும் கூப்பிடுவது அந்த முகத்தில் துப்புவதற்குச் சமம். துப்பினாலாவது துடைத்துக்கொள்ளலாம்.

கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் குரங்குகள் அவளை அவளாகவே பார்த்தன. பழைய வரிசையில் வந்து உட்கார்ந்தன.

கோட்டு எங்கே போனது என்பது அந்த வாரமே தெரிந்தது. அவளுடைய ஒடுங்கிய துண்டுக்குப் பின்னால், மேட்டுவரை விரிந்து கிடந்த ருவாஹேருவின் மக்காச்சோளத்தின் நடுவில், குறுக்குக் குச்சி கட்டிய ஒரு சோளக்கொல்லைப் பொம்மை அதைப் போட்டுக்கொண்டு நின்றது. வம்ச மானம் அங்கே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "செத்த பிறகும் என் தம்பிதான் என் வயலுக்குக் காவல்" என்று ருவாஹேரு வாழைப்பழக் கள் குடிக்கும் இடமெல்லாம் கண் கலங்கச் சொன்னார். பொம்மை வந்த பிறகு தன் வயலில் ஒரு கதிர்கூடப் போகவில்லை என்றும் சொன்னார். அது உண்மைதான். பொம்மை வருவதற்கு முன்பும் போனதில்லை என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் பொம்மையைச் சுற்றிவந்து படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு வயல் முகப்பில் 'முன்மாதிரி உழவர்' என்று பலகை முளைத்தது. கபஹெண்டாவின் காணியில் அந்த முறை முளைத்ததில் பாதிகூட வீட்டுக்கு வரவில்லை.

அவளுக்கு இரண்டும் பெண்கள், கட்டிக்கொடுத்தாயிற்று. கணவன் கிசெம்போவை அடக்கம் செய்த அன்று ருவாஹேரு முக்காலியில் உட்கார்ந்து, எல்லாரும் கேட்கும்படி, "எந்தம்பி பொண்டாட்டிய நான் தெருவுல விடமாட்டேன். காட்டோரத் துண்டுல மக்காச்சோளம் போட்டுப் பொழச்சுக்கட்டும்" என்று அறிவித்தார். பெண்கள் அழுதார்கள், ஆண்கள் தலையாட்டினார்கள். மக்காச்சோளம் என்ற சொல் அந்தக் கருணைக்குள் எதற்காக உட்கார்ந்திருந்தது என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. காட்டோரம் நெடுகப் பார்த்தால் விதவைகளும், கைவிடப்பட்டவர்களும், எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்களும்தான் துண்டு துண்டாக மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்களின் நிலங்கள் பத்திரமாகப் படுத்திருந்தன. எல்லாம் தற்செயல்தான். விதவைக்கு நிலத்தில் உரிமை உண்டென்று சட்டம் சொல்கிறது. சட்டம் தொலைவில் ஃபோர்ட் போர்ட்டல் நகரத்தில் இருந்தது, அவள் இங்கே இருந்தாள்.

காவல் குடிசையில் அவளுக்குத் துணை பக்கத்துத் துண்டுக்காரி கொபுசிங்கே. கணவன் வேலை தேடிப் போய் வேறொருத்தியைத் தேடிக்கொண்டவன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவள். குரங்குக் கூட்டத்தின் பெரிய கடுவனுக்கு இரண்டாவது பெயர் வைத்ததும் அவள்தான்.

"தெனமும் வந்து நம்ம கையால சாப்புடறாரு. அவர என்னன்னுதான் கூப்புடறது? கொரங்கேன்னா நல்லாவா இருக்கு?"

"மொதப் பேரே இல்லாதவனுக்கு ரெண்டாவது பேரா, அகீக்கி?"

"எம் புருஷனுக்கு ரெண்டும் இருந்துச்சு, என்ன ஆச்சு?" என்று சொல்லி, பெயர் வைக்கும் முறைப்படி ஒரு விள்ளல் கேழ்வரகுக் களியை எடுத்துக் கடலைக் குழம்பில் தோய்த்துக் காட்டுப் பக்கம் நீட்டினாள். "இனிமே உங்க பேரு அப்பூலி. நல்லா இருங்க. அடுத்த வீட்டுலயும் கொஞ்சம் சாப்புடுங்க."

அவர்கள் சிரித்த சிரிப்பில் அப்பூலி அத்திமரத்திலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு தன் வேலையைத் தொடர்ந்தது. அதன் வேலை யோசிப்பது. கிளையில் உட்கார்ந்து தொடையைச் சொறிந்துகொண்டே வயலை அளக்கும். கதிர் பால் பிடித்துவிட்டதா, நாய் எங்கே, கல் யார் கையில், ஓடினால் மரம் எத்தனை தாவல். மேட்டில் ருவாஹேருவின் கதிர்கள் இரட்டைப் பருமன்தான், ஆனால் திரும்பி ஓட வழி நீளம். காலடியில் கிடைக்கும் நோஞ்சான் கதிரே மேல். அதற்காக ஒரு பெண்பிள்ளையின் கூச்சலைக் கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவுதானே. கேட்டுவிட்டுப் போகலாம்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் கபஹெண்டாவுக்கு அடக்கம் அன்று முக்காலியில் உட்கார்ந்திருந்த முகம் நினைவுக்கு வந்தது. அதே சொறிதல், அதே அவசரமில்லாத பார்வை. மைத்துனரும் காட்டையும் வயலையும் நடுவே அவளையும் பார்த்து இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார். இருவர் கணக்கிலும் அவளுக்கு ஒரே மதிப்பு. குரங்கிடம் அவளுக்குக் கோபம் வரவில்லை. அதற்குப் பசி. மேலும், அது பலகை எதுவும் நட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மழைக்கு அவள் மக்காச்சோளம் விதைக்கவில்லை. சந்தையிலிருந்து ஊசிமிளகாய் விதை வாங்கி வந்து நாற்று விட்டு, காணி முழுக்க நட்டுவிட்டாள். நாற்று வேர் பிடித்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ருவாஹேரு விசில் ஊதி மாமரத்தடியில் கூட்டம் கூட்டினார். கிசெம்போவின் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்வோலி, என்ன நட்டிருக்கே?"

"ஊசிமிளகா."

"யாரக் கேட்டு?"

"மண்ணக் கேட்டேன். சரின்னுச்சு."

பின்வரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். ருவாஹேரு முக்காலியில் நிமிர்ந்தார். "கொரங்கு மிளகா திங்காது, தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் நட்டேன், அமூட்டி."

"அப்ப கொரங்கு என்னத்தத் திங்கும்?"

கேட்டு முடித்த பிறகுதான், அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேர்மையான கேள்வியைக் கேட்டதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. பின்வரிசையிலிருந்து கொபுசிங்கேதான், "அத அவங்களத்தான் கேக்கணும். வேணும்னா அடுத்த கூட்டத்துக்கு விசில் ஊதிக் கூப்புடுங்க" என்றாள்.

சிரிப்பு அடங்கும்வரை ருவாஹேரு காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் தீர்மானம் ஆகிவிட்டது என்று பொருள். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் முன்மாதிரி வயலைப் பார்க்க வருகிறார்கள். அதுவரை ஊருக்குள் சச்சரவு வேண்டாம். "அவங்க வந்துட்டுப் போன மறுநா நீ மூட்டையக் கட்டிக்கிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போயிடு. அந்தத் துண்டுல மக்காச்சோளம் போட ஆளா இல்ல?"

"நான் போகல" என்றாள் கபஹெண்டா. எழுந்து மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

செடிகள் முழங்கால் உயரத்துக்கு வந்தன. மேட்டில் மக்காச்சோளம் தலைக்கு மேல் போய் கதிர் வாங்கியது. அப்பூலியின் கூட்டம் காட்டிலிருந்து வந்து அத்திமரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தது. பழக்கப்பட்ட பந்தி இருந்த இடத்தில் சின்னச் சின்ன இலைகள். ஒரு குட்டி இறங்கி ஒரு மிளகாயைக் கடித்துவிட்டு, வாயை மண்ணில் தேய்த்துக்கொண்டு தாயிடம் ஓடியது. அதற்கப்பால் மேடு. ஆனால் மேட்டுக்குப் போக, ஒளிந்துகொள்ள ஒரு தட்டைகூட இல்லாத வெட்டவெளியைக் கடக்க வேண்டும். வயலோரம் ருவாஹேருவின் ஆட்கள் கவணோடு உட்கார்ந்திருந்தார்கள், நாய்கள் படுத்திருந்தன. அப்பூலி தொடையைச் சொறிந்தது. கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தன் பயிரை எடுத்துவிட்டால் குரங்குகள் நேரே மேட்டுக்குப் போய்விடும், அவள் இத்தனை காலம் எதைத் தாங்கினாள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். தெரிந்ததென்னவோ வேறு. "பாத்தியா அப்வோலி? எந்தம்பி கோட்டப் பாத்தாலே அதுங்களுக்கு உசிரு போகுது" என்று ருவாஹேரு வரப்பிலிருந்து கூவினார். கள் குடிக்கும் இடத்தில் அவளுக்கு 'மிளகாய் மகாராணி' என்று பட்டம் கொடுத்தார்கள். கொபுசிங்கேகூட, "ஏண்டி, தப்புக்கணக்குப் போட்டுட்டோமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கணக்கு அவருது. அவரு இன்னும் போட்டு முடிக்கல" என்று கபஹெண்டா அத்திமரத்தைக் காட்டினாள். சொன்னாளே தவிர, வீட்டுக்குள் போய் மூட்டை கட்டும் துணியைத் தானாகவே தேடிய கையை அவளே தட்டிவிட வேண்டியிருந்தது.

விருந்தாளிகள் வரும் நாளன்று ஊர் குளித்தது. ருவாஹேரு முந்தைய நாளே உத்தரவு போட்டிருந்தார். ஆண்கள் எல்லாரும் வெள்ளை அங்கி போட வேண்டும். கவண், ஈட்டி, கல், கழி எதுவும் கண்ணில் படக் கூடாது. நாகரிகமான ஊர் என்று தெரிய வேண்டும். நாய்களைத் தூரத்தில் கட்ட வேண்டும், குரைத்தால் பேச்சு கெடும். காவல் ஆட்கள் நாற்காலி சுமந்தார்கள். பெண்கள் ஆட்டுக்கறி சமைத்தார்கள். கபஹெண்டாவைச் சமையலுக்கு அழைக்கவில்லை. அவள் தன் மிளகாய்க் காணியில் களையெடுத்துக்கொண்டிருந்தாள்.

பந்தல், விருந்தாளிகள் மக்காச்சோளத்தைப் பார்த்து உட்காரும்படி போடப்பட்டிருந்தது. பேசுகிறவர் விருந்தாளிகளைப் பார்த்து நிற்பார். அவர் முதுகுக்குப் பின்னால் வயல், வயலுக்கு நடுவில் கோட்டு, அதற்குப் பின்னால் காணி, காடு. தம்பட்டம் ஓய்ந்ததும் ருவாஹேரு தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே! வெதைய மட்டும் நட்டாப் போதாது. கூடவே பயத்தையும் நடணும்."

அத்திமரத்தில் அப்பூலி எழுந்து நின்றது. மேட்டைப் பார்த்தது. அத்தனை ஆண்பிள்ளைகளும் ஒரே இடத்தில், வெறுங்கையோடு, உட்கார்ந்து, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய் இல்லை. பால் பிடித்த கதிரின் வாசனை காற்றில் வந்தது. அது தொடையைச் சொறியவில்லை.

கூட்டம் இறங்கி மிளகாய் வரிசைகளுக்கு நடுவே வந்தது. கபஹெண்டா நிமிர்ந்தபோது அப்பூலி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. இவ்வளவு அருகில் அந்தப் பற்களை அவள் பார்த்ததில்லை. பழக்க தோஷத்தில் அவள் கை ஒரு கல்லை எடுத்திருந்தது. அது கல்லைப் பார்த்தது. அவள் மேட்டைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள், கையை விரித்தாள். கல் செடியடியில் விழுந்தது. அவள் ஓர் அடி விலகி நின்று வழிவிட்டாள். தாய்களும் குட்டிகளுமாக மொத்தக் கூட்டமும் அவளைக் கடந்து மேடேறிப் போயிற்று.

ருவாஹேரு முதலில் கவனித்தது விருந்தாளிகளின் கண்களைத்தான். அவை விரிந்துகொண்டே போயின. தன் பேச்சு இப்படி யாரையும் பிடித்து உலுக்கியதில்லை என்று அவருக்கு உற்சாகம் பொங்கியது. "அந்தக் கோட்டப் பாருங்க!" என்று திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். "ஒரு கொரங்கு கிட்ட வந்திருக்குமா?"

அப்போது அப்பூலி பொம்மையின் தோளில் உட்கார்ந்து கதிர் உரித்துக்கொண்டிருந்தது. ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுத் துழாவி, ஒன்றும் இல்லாததால் பையை வெளியே இழுத்துத் தொங்கவிட்டது. முன்வரிசைப் பெரிய மனிதர் ஒருவர், சிரிப்பதா எழுந்துகொள்வதா என்று தெரியாமல், கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ருவாஹேரு தலைகுனிந்து நன்றி சொன்னார். பிறகுதான் தட்டைகள் முறியும் ஓசை அவர் காதில் விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆண்கள் ஓடினார்கள், வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதால் கல் எடுக்கக் கை இல்லை. கவண்களைத் தேடி வீட்டுக்குப் போனவர்கள் கதவுகள் பூட்டியிருப்பதைக் கண்டார்கள். சாவி சமையல்கட்டில் பெண்களிடம் இருந்தது. பெண்கள் கறி தீய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். விருந்தாளிகளின் வண்டி சாப்பாட்டுக்கு நிற்காமலே கிளம்பியது.

ருவாஹேரு விசிலை வாயில் வைத்துக்கொண்டு வயலுக்குள் வந்தபோது கபஹெண்டா அவருக்கு முன்பே அங்கே இருந்தாள். ஊரே அவர்கள் இருவரையும் பார்த்து நின்றது.

"நாளைக்கில்ல, இன்னிக்கே" என்று அவர் மூச்சிரைத்தார். "இன்னிக்கே நீ மூட்டையக் கட்டணும், அப்வோலி."

அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் பொம்மையை அண்ணாந்து பார்த்தாள். அப்பூலி கடைசிக் கதிரைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அப்பூலி, கொஞ்சம் எறங்குங்க. அது எங்க வீட்டுக் கோட்டு."

அது அவளையும், அவளுக்குப் பின்னால் கூடியிருந்த கூட்டத்தையும் பார்த்தது. தாவி இறங்கி, தட்டைகளுக்குள் மறைந்தது. அவள் பொம்மையிலிருந்து கோட்டை உருவினாள். உதறினாள், போட்டுக்கொண்டாள். வெளியே தொங்கிய பையை உள்ளே தள்ளினாள். பித்தானைப் போட்டு முடித்த பிறகுதான் மைத்துனரின் பக்கம் திரும்பினாள்.

"ருவாஹேரு" என்றாள்.

அவ்வளவுதான். முன்னாலும் பின்னாலும் எதுவும் இல்லை. குரங்குக்குக் கொடுத்த மரியாதைப் பெயர் இன்னும் காற்றில் இருந்தது. அவருக்கு அது வரவில்லை. தம்பட்டக்காரன் தோளிலிருந்து தம்பட்டம் நழுவி மண்ணில் உருண்டது, யாரும் எடுக்கவில்லை.

"நான் போகல. என் காணியில நான் நட்டது நிக்கும். உன் வயலுக்குக் காவல் வேணும்னா, நீ வந்து நில்லு."

அவர் வாயிலிருந்த விசில் ஒரு மூச்சுக்கு மெல்லக் கீச்சிட்டு அடங்கியது. கைகளை இருபுறமும் விரித்து ஏதோ ஆரம்பித்தார், அப்படியே நின்றார். கூட்டத்தின் ஓரத்திலிருந்து கொபுசிங்கேயின் குரல் மட்டும் வந்தது. கையில் அகப்பையோடு வந்திருந்தாள்.

"அப்வோலி, அடுத்த மழைக்கு எனக்கும் கொஞ்சம் வெதை குடு."

"எனக்கும்" என்று அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி சொன்னாள்.

கபஹெண்டா மேட்டிலிருந்து இறங்கித் தன் காணிக்கு வந்தாள். கோட்டில் வெயிலும் மழையும் குரங்கும் மணத்தன. களைக்கொத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அத்திமரத்துக்குத் திரும்பியிருந்த அப்பூலி ஒரு கிளையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே குனிந்து நிமிரும் கறுப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மேட்டைப் பார்த்தது. அங்கே குறுக்குக் குச்சி கட்டிய வெறுங்கழி ஒன்றும், அதன் பக்கத்தில் கைகளை விரித்தபடி ஒருவரும், இரண்டும் அசையாமல், நின்றுகொண்டிருந்தன. அது தொடையை மெல்லச் சொறியத் தொடங்கியது.